கேம்பர் வேனில் ஜிபிஎஸ்ஸும் லேப்டாப் வரைபடமும்: ஒயரிலிருந்து ஆரம்பிப்போம்

வழி சொல்ல ஃபோன் போதும். ஈசிஆரில் புதுச்சேரி வந்து, கடலூர் வழியாகச் சிதம்பரம் போகிற வண்டிக்கு லேப்டாப் இல்லாமல் ஒன்றும் குறைந்துவிடாது. லேப்டாப்புக்கு வேலை வேறு. நாளைய பாதையை இன்று ராத்திரி பெரிய திரையில் போட்டுப் பார்க்கலாம். தண்ணீர் பிடித்த இடம், ராத்திரி தொந்தரவில்லாமல் நிறுத்திய இடம், கூரை இடிக்கப் பார்த்த பாலம் எல்லாவற்றையும் சொந்த வரைபடத்தில் குறித்து வைக்கலாம். வண்டி போன தடத்தைப் பதிவு செய்யலாம். இன்னொரு காரணம் இந்தக் கடற்கரைக்கே உரியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்து ஓடியது. அப்படிப்பட்ட நாளில் செல் டவர் படுத்துவிடும், செயற்கைக்கோள் சிக்னல் வந்துகொண்டுதான் இருக்கும். வரைபடம் வண்டியிலேயே இருந்தால்தான் அந்தச் சிக்னலால் உங்களுக்குப் பயன்.

முதலில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவருக்கு ஃபோன், டாஷ்போர்டு ஹோல்டரில். லேப்டாப் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும், வண்டி நின்ற பிறகு எல்லோருக்கும். ஓட்டுபவர் கண் படும் இடத்தில் லேப்டாப் திரை வைப்பது ஆபத்து, சட்டத்துக்கும் ஒவ்வாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-ல் வந்த திருத்தம் கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்த அனுமதிக்கிறது. அவ்வளவுதான் சலுகை. லேப்டாப் ஸ்டாண்டை முன் சீட்டின் தண்டவாள போல்ட்டிலேயே பிணைக்கலாம், ஆனால் ஏர்பேக் விரிகிற வழியில் அது நிற்கக் கூடாது.

ரிசீவர்

லேப்டாப்புக்கு யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர் தனியாக வாங்க வேண்டும். வைஃபையை வைத்து இடம் சொல்கிற லேப்டாப் ஊருக்கு வெளியே உதவாது. சந்தையில் அதிகம் கிடைப்பது விகே-162 என்கிற கறுப்பு வட்டு. அடியில் காந்தம், சுமார் 2 மீட்டர் கேபிள், உள்ளே யு-பிளாக்ஸ் சிப். யு-பிளாக்ஸ் 7 என்றால் ஒரு நேரத்தில் அமெரிக்காவின் ஜிபிஎஸ் அல்லது ரஷ்யாவின் குளோனாஸ், ஏதாவது ஒன்றுதான். யு-பிளாக்ஸ் 8 இரண்டையும் சேர்த்தே வாங்கும். மேலே மரம் அடர்ந்த ஆரோவில் பாதைகளில் இந்த வித்தியாசம் தெரியும். இலை, அதிலும் மழையில் நனைந்த இலை, சிக்னலைக் குடித்துவிடும். அப்போது கண்ணில் படும் செயற்கைக்கோள் எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. விலை வித்தியாசம் சொற்பம், 8-ஐயே கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு வகை குளோபல்சாட் பியூ-353 எஸ்4. நல்ல ரிசீவர்தான், ஆனால் உள்ளே பிஎல்2303 சீரியல் சிப் இருக்கிறது. இந்தச் சிப்பின் பழைய பதிப்புகளையும் போலிகளையும் விண்டோஸ் 10, 11-ல் புது டிரைவர் ஏற்றுக்கொள்ளாது, மஞ்சள் முக்கோணம்தான் வரும். பழைய டிரைவரைத் தேடிப் போட வேண்டியிருக்கும். இது தரவு அனுப்பும் வேகம் 4800 பாட் (நொடிக்கு இத்தனை பிட்), மென்பொருளில் அதையே கொடுக்க வேண்டும். விகே-162 போல நேரடி யூஎஸ்பி உள்ளதில் பாட் எண் என்ன கொடுத்தாலும் கவலையில்லை.

இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் வருமா என்ற கேள்வி அடிக்கடி வரும். நாவிக் முதலில் எல்5, எஸ் ஆகிய அலைவரிசைகளில் மட்டும் ஒலிபரப்பியது. இந்த மலிவு வட்டுகள் எல்1 மட்டும் கேட்பவை. எல்1-லும் ஒலிபரப்பும் முதல் நாவிக் செயற்கைக்கோள் என்விஎஸ்-01, 2023 மே 29 அன்றுதான் ஏவப்பட்டது. அதனால் விகே-162-இல் நாவிக்கை எதிர்பார்க்க வேண்டாம். ஜிபிஎஸ் காட்டும் இடத்தைத் திருத்தித் தரும் இந்திய அமைப்பான ககன் வேறு விஷயம். அது ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசையிலேயே திருத்தம் அனுப்புகிறது. அதைச் சுமக்கும் ஜிசாட்-10 கிழக்கு 83 டிகிரியில் நிற்பதால், புதுச்சேரியிலிருந்து பார்த்தால் தலைக்கு மேலே சற்றுத் தெற்கே தள்ளி இருக்கிறது. கூரையில் வைத்த ரிசீவருக்கு அதைப் பிடிப்பதில் சிரமமில்லை.

ரிசீவர் கேட்க மட்டும்தான் செய்யும், எதையும் அனுப்பாது. அதனால் உரிமம் எதுவும் தேவையில்லை. செயற்கைக்கோள் ஃபோன், கார்மின் இன்ரீச் மாதிரி செய்தி அனுப்பும் கருவிகள் அப்படியல்ல. அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம், அதுவும் கடலோர மாவட்டத்தில் கேள்வி கடுமையாகவே வரும். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் உங்கள் வேனில் ஏறுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கே வைப்பது

டாஷ்போர்டின் மேல் வைத்தால் பாதி வானம் மறையும். டெம்போ டிராவலர் போன்ற இரும்புக் கூரை வண்டியில் ரிசீவருக்கு உரிய இடம் கூரைதான். காந்தம் ஒட்டும், கீழே இருக்கிற தகடு ஆன்டெனாவுக்குத் தரைத்தளமாக வேலை செய்து சிக்னலைக் கூட்டும். ஃபைபர் கூரை என்றால் சிக்னல் ஊடுருவி வரும், உள்பக்கமே கூரையை ஒட்டி வைக்கலாம். ஆனால் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஏதாவது உலோகத் தகடு கொடுங்கள். சோலார் பேனலுக்கு அடியில் ஒளித்து வைக்காதீர்கள். சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்தும் குறைந்தது ஓர் அடி விலகியிருக்கட்டும்.

கேபிளைப் பின்கதவு ரப்பர் பீடிங் வழியாக இறக்குவது வழக்கம். கதவு மூடும்போது நசுங்காத மூலையைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிட வேண்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கேபிளோடு உள்ளே வராது. ஐப்பசி மழையில் இந்த ஒரு வளைவு இல்லாத வண்டியில் யூஎஸ்பி சாக்கெட்டுக்குள் தண்ணீர் நிற்கும். கேபிள் எட்டவில்லை என்றால் மொத்த நீளம் 5 மீட்டர் வரை சாதா எக்ஸ்டென்ஷன் தாங்கும். அதற்கு மேல் ரிப்பீட்டர் உள்ள கேபிள் வேண்டும்.

வைத்தபின் சோதனை. யு-சென்டர் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் சிக்னல் பலம் பட்டையாகத் தெரியும். திறந்த வெளியில் 40 முதல் 45 டெசிபல்-ஹெர்ட்ஸ் வர வேண்டும். 30-க்குக் கீழே எல்லாம் தொங்கினால் இடம் சரியில்லை, அல்லது பக்கத்தில் எதுவோ இரைச்சல் போடுகிறது. இந்த இரண்டாவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வண்டியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போடுங்கள்: டாஷ்கேம், ஃபோன் சார்ஜர், இன்வெர்ட்டர், எல்இடி பட்டை. எதைப் போட்டதும் பட்டைகள் ஐந்து பத்து இறங்குகின்றனவோ அதுதான் ஆள். பெரும்பாலும் மாட்டுவது மலிவு டாஷ்கேமும் பெயர் தெரியாத யூஎஸ்பி சார்ஜரும். அவற்றுக்குள் மின்னழுத்தம் மாற்றும் சுற்றுக்கு ஃபில்டர் கிடையாது. கருவியை மாற்றுங்கள், முடியாவிட்டால் ஒயரில் ஃபெரைட் வளையம் போட்டு ரிசீவரை இன்னும் தள்ளி வையுங்கள்.

முதல் தடவை போட்டதும் இடம் காட்ட அரை நிமிடம் முதல் சில நிமிடம் வரை ஆகும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறைதான் முழுதாகச் சொல்கிறது. நடுவில் ஒரு மரம் மறைத்தாலும் அந்த ஒன்றுக்குத் திரும்ப முதலிலிருந்து. வண்டியைக் கிளப்பும் முன், நின்ற இடத்திலேயே பிடிக்கவிடுங்கள்.

கரண்ட்

பாதி வண்டிகளில் மொத்த அமைப்பும் நொண்டுவது இங்கேதான். புள்ளி நகரவில்லை என்றதும் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சிகரெட் லைட்டர் சாக்கெட்டை.

கணக்கைப் பாருங்கள். 65 வாட் லேப்டாப் சார்ஜர் முழுதாக இழுத்தால், மாற்றும் இழப்பையும் சேர்த்து, 12 வோல்ட் பக்கத்தில் சுமார் 6 ஆம்பியர். சிகரெட் சாக்கெட் ஸ்பிரிங்கும் ஒரு குமிழும் தொட்டுக்கொண்டு நிற்கிற அமைப்பு. வண்டி அதிர அதிர அது லூசாகும். தொடுமிடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை வந்தால் போதும், 6 ஆம்பியருக்கு 0.6 வோல்ட் அங்கேயே போய்விடும், 3.6 வாட் சூடு அந்தக் குமிழில் இறங்கும். பிளாஸ்டிக் உருகிய நாற்றம் வருவது இதனால்தான். லேப்டாப்புக்கு இந்தச் சாக்கெட் வேண்டாம். பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் இழுங்கள்.

ஒயரின் கனமும் முக்கியம். பேட்டரியிலிருந்து மேசை வரை 4 மீட்டர் என்றால் போய்வர 8 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 6 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட 0.95 வோல்ட் இறங்கும். 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். 2.5 போடுங்கள். பாசிட்டிவில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ். ஃப்யூஸ் மேசைப் பக்கம் இருந்தால் நடுவில் ஒயர் உரசி பாடியைத் தொடும்போது காப்பாற்ற ஆளில்லை. எர்த்தைக் கண்ட போல்ட்டில் முடியாதீர்கள். பெயிண்டைச் சுரண்டி, லக் கிரிம்ப் செய்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள். அதைவிட நல்லது பேட்டரி நெகட்டிவுக்கே ஒயர் கொண்டுபோவது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, லேப்டாப் சார்ஜ் ஆகும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைச் சார்ஜரின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் கோளாறு.

புது லேப்டாப் டைப்-சி-யில் சார்ஜ் ஆகும் என்றால் வேலை சுலபம். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் தரும் 65 வாட் பிடி (பவர் டெலிவரி) கார் சார்ஜர் போதும். வட்டப் பின் உள்ள பழைய லேப்டாப்புக்கு 12-லிருந்து 19 வோல்ட்டாக உயர்த்தும் கன்வெர்ட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் போட்டு 230 வோல்ட்டாக்கி, அதை மறுபடி அடாப்டர் வழியே 19 வோல்ட்டாக்குவது வேலை செய்யும், ஆனால் இரண்டு தடவை இழப்பு. அதைவிட மோசம், அணைக்க மறந்த சின்ன இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 5 முதல் 10 வாட் வரை தின்னும். 8 வாட் என்று வைத்தாலும் பத்து மணி நேரத்தில் 80 வாட்-மணி, பேட்டரியில் கிட்டத்தட்ட 7 ஆம்பியர்-மணி.

வாங்கும் முன் வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். மினி பஸ்ஸை கேம்பராக மாற்றியிருந்தால் 24 இருக்க வாய்ப்பு அதிகம். 12 வோல்ட் கன்வெர்ட்டரை அதில் மாட்டினால் புகைதான். மஞ்சள் போர்டு வண்டி என்றால், வண்டி இருக்குமிடத்தை அனுப்பும் ஏஐஎஸ்-140 டிராக்கர் அதில் ஏற்கெனவே இருக்கலாம். அதன் ஒயரிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டாம், அதைத் தொடவே வேண்டாம்.

வண்டி ஓடும்போது மட்டும் சார்ஜ் ஆக வேண்டுமென்றால் சாதாரண நாலு கால் ரிலே போதும், எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். 30-ல் ஃப்யூஸ் வழியாக பேட்டரி பாசிட்டிவ், 87-ல் சார்ஜர், 86-ல் சாவி போட்டால் வரும் கரண்ட், 85-ல் எர்த். ராத்திரி மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இரண்டாவது பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டியைத் தள்ள வேண்டிவரும். வரைபட வேலையில் லேப்டாப் சராசரியாக 25 வாட் எடுக்கும் என்று கொள்ளலாம். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்துவது என்றால் 600 வாட்-மணி. மாலை நாலைந்து மணி நேரம் உட்கார்ந்தாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ரிசீவரை லேப்டாப்பின் யூஎஸ்பியிலேயே நேராகச் சொருகுங்கள். வண்டி கரண்ட்டில் ஓடும் யூஎஸ்பி ஹப்பில் சொருகினால், ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்ட்டேஜ் 9, 10 வரை இறங்கி ஹப் ஒரு கணம் அணைந்து எழும். லேப்டாப்புக்குத் தன் பேட்டரி இருப்பதால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஜிபிஎஸ் போர்ட் காணாமல் போய்த் திரும்ப வந்திருக்கும், மென்பொருள் பழைய போர்ட்டையே பார்த்துக்கொண்டு உறைந்து நிற்கும்.

விண்டோஸ் செய்யும் குறும்புகள்

யு-பிளாக்ஸ் ரிசீவரைச் சொருகியதும் விண்டோஸ் தானாக ஒரு டிரைவர் போடும். அது சில சமயம் ரிசீவரை "லொகேஷன் சென்சார்" ஆக்கிவிடும். மென்பொருள் ரிசீவரைப் படிக்கும் வாசலான காம் போர்ட் இருக்காது, வரைபட மென்பொருளுக்கு ரிசீவர் இருப்பதே தெரியாது. டிவைஸ் மேனேஜரில் சென்சார்கள் பகுதிக்குப் போய், டிரைவரை மாற்று என்று கொடுத்து, கணினியில் உள்ள பட்டியலிலிருந்து "யூஎஸ்பி சீரியல் டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். காம் 3, காம் 5 என்று ஏதாவது ஒரு எண் வரும். எந்த யூஎஸ்பி துளையில் சொருகினீர்களோ அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, எப்போதும் அதிலேயே சொருகுங்கள். துளை மாறினால் எண்ணும் மாறலாம்.

அடுத்தது வேடிக்கை. ரிசீவர் செருகியபடியே லேப்டாப்பைப் போட்டால் மவுஸ் அம்புக்குறி பேய் பிடித்த மாதிரி திரையெங்கும் ஓடி, கண்டதைச் சொடுக்கும். விண்டோஸ் எழும்பும்போது சீரியல் போர்ட்டில் வரும் எழுத்துகளைப் பழங்காலச் சீரியல் மவுஸ் என்று நினைத்துக்கொள்கிறது. ரிசீவரைப் பிடுங்காமல் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மவுஸ் பகுதியில் "சீரியல் பால்பாயின்ட்" என்று இருப்பதை முடக்குங்கள். நீக்கினால் அடுத்த தடவை திரும்ப வரும், முடக்கினால் வராது.

ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்கும். யு-சென்டரை மூடாமல் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைத் திறந்துவிட்டு "ரிசீவர் போச்சு" என்று கைவிடுபவர்கள் உண்டு. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஜிபிஎஸ்டி என்ற சேவை போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, எத்தனை மென்பொருள் கேட்டாலும் 2947 என்ற நெட்வொர்க் போர்ட்டில் பங்கு போடும். எந்த இயங்குதளமானாலும் யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துவிடுங்கள்.

வரைபடம்

யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை ஜியோஃபேப்ரிக் தளம் தினமும் புதுப்பித்துத் தருகிறது. இந்தியாவைப் பல மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், நமக்கு வேண்டியது தென்மண்டலம். இறக்கிய கோப்பை கியூஜிஐஎஸ்ஸில் அப்படியே திறந்தால் ஆமை வேகம். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் சேமித்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பட ஓடுகளை (வரைபடத்தின் சதுரத் துண்டுப் படங்களை) மொத்தமாக இறக்குவது அவர்கள் விதிக்கு விரோதம், முகவரியையே முடக்கிவிடுவார்கள். தரவை இறக்கி, உங்கள் கணினியிலேயே நிறம் கொடுத்து, ஓடுகளை ஒன்றாக அடக்கும் எம்பிடைல்ஸ் கோப்பாக மாற்றிக்கொள்வதுதான் முறை.

கியூஜிஐஎஸ்ஸில் ஜிபிஎஸ் தகவல் பலகையைத் திறந்து, தானாகக் கண்டுபிடி என்பதை நம்பாமல், சீரியல் என்று தேர்ந்தெடுத்துக் காம் எண்ணைக் கொடுங்கள். தூரம் அளக்க ப்ராஜெக்டை, மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்தில் வையுங்கள், குறியீடு 32644. இந்தியச் சர்வே துறையின் பழைய டோப்போ தாள் யாரிடமாவது இருந்து ஸ்கேன் செய்து போடுகிறீர்கள் என்றால், புதுச்சேரிக்கு உரியது 58 எம்/13. அது எவரெஸ்ட் அளவுமுறையில் வரைந்தது. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறு அளவுமுறையில். மாற்றாமல் ஏற்றினால் சாலையெல்லாம் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். அதே துறையின் புதிய ஓப்பன் சீரிஸ் தாள்களில் இந்தத் தொல்லை இல்லை.

பதிவுக் கோப்பைக் கையால் பிரித்துப் பார்ப்பவர்கள் ஒரு இடத்தில் தவறாமல் சறுக்குவார்கள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நிற்கும் வண்டியின் ஜிஜிஏ வரியில் (ரிசீவர் இடத்தைச் சொல்லும் வரி) 1156.04 என்றும் 07950.16 என்றும் இருக்கும். இது 11 டிகிரி 56.04 நிமிடம், 79 டிகிரி 50.16 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால்தான் 11.934, 79.836 வரும். புள்ளியை மட்டும் நகர்த்தி 11.5604, 79.5016 என்று போட்டால் வண்டி 55 கிலோமீட்டர் தள்ளி நெய்வேலிச் சுரங்கப் பக்கம் போய் நிற்கும். அதே வரியில் இடத்தின் தரம் என்று ஒரு எண் உண்டு. 0 என்றால் இடம் கிடைக்கவில்லை, 1 என்றால் சாதா, 2 என்றால் ககன் போன்ற திருத்தம் கிடைத்திருக்கிறது.

உயரமும் பயமுறுத்தும். சில செயலிகள் கடற்கரையில் நிற்கும்போதே உயரம் மைனஸ் 90 மீட்டர் என்பது போலக் காட்டும். ரிசீவர் கெட்டுப்போகவில்லை. ஜிபிஎஸ் கணக்கிடும் கற்பனை நீள்கோளப் பரப்பு இந்தப் பகுதியில் உண்மையான கடல்மட்டத்துக்கு அவ்வளவு மேலே இருக்கிறது. பூமியின் ஈர்ப்பு மிகவும் தாழ்ந்த பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், அங்கே வித்தியாசம் 100 மீட்டரைத் தாண்டும். செயலியில் கடல்மட்டத் திருத்தத்தைப் போட்டால் சரியாகிவிடும்.

மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பொழுது சாய்ந்த பிறகு, ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை, காரணமே இல்லாமல் புள்ளி தடுமாறினால் எதையும் கழற்றாதீர்கள். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதை அடுத்த பகுதிகளின் அயனி மண்டலத்தில் இந்த நேரத்தில் குமிழிகள் எழும்பி எல்1 சிக்னலைச் சிமிட்டவைக்கும். சூரியன் உச்சச் செயல்பாட்டில் இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். காலையில் தானே சரியாகியிருக்கும்.

புதுச்சேரி–கடலூர் சாலையில்

பாதை போடும் வேலைக்கு லேப்டாப்பில் கியூமேப்ஷாக், ஃபோனில் ஆஸ்மாண்ட். இரண்டுமே இணையம் இல்லாமல் ஓடும். லேப்டாப்பில் போட்ட பாதையை ஜிபிஎக்ஸ் கோப்பாக ஃபோனுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்மாண்டில் தமிழ்நாடும் புதுச்சேரியும் தனித்தனிக் கோப்புகள், இரண்டையும் இறக்குங்கள். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் பாகூர் பக்கம் பாதை நடுவிலேயே அறுந்து நிற்கும். அந்த எல்லைக்கோட்டைத் தனி அடுக்காகத் தடித்த நிறத்தில் போட்டு வைப்பதில் ஒரு லாபமும் உண்டு. புதுச்சேரி பக்கம் டீசல் விலை குறைவு, எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டுவதற்கு முன் டேங்கை நிரப்பிக்கொள்ளலாம்.

ஆஸ்மாண்டில் வண்டியின் உயரம், அகலம், எடை கொடுக்க இடமிருக்கிறது. உயரத்தை நீங்களே டேப் வைத்து அளந்து கொடுங்கள், ஏசியும் சோலார் பேனலும் சேர்த்து. ஆர்சி புத்தகத்தை நம்பினால் சுரங்கப்பாதையில் ஏசி கழன்றுவிடும். ஆனால் கொடுத்ததோடு நிம்மதியாக இருக்கவும் கூடாது. நம் ஊர் ரயில்வே சுரங்கப்பாதைகளில் பலவற்றுக்கு உயரம் வரைபடத்தில் பதிவாகவே இல்லை, பதிவில்லாததைச் செயலி "தடையில்லை" என்றுதான் எடுத்துக்கொள்ளும். பலகையில் எழுதியிருக்கும் உயரத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் வரைபடத்தில் குறியுங்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் ஏற்றுங்கள், அடுத்த வண்டிக்காரர் வாழ்த்துவார்.

புதுச்சேரி ஒயிட் டவுனுக்குள் பெரிய வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். ஒருவழித் தெருக்கள், இருபக்கமும் நிறுத்திய ஸ்கூட்டர்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், இதையெல்லாம் எல்லாச் செயலியும் மதிப்பதில்லை. கியூமேப்ஷாக்கில் பிரவுட்டர் என்ற பாதை கணக்கிடும் நிரல் வழியாகப் பாதை போட்டால், போகக்கூடாத பகுதி என்று அந்த இடத்தையே வட்டம் போட்டு ஒதுக்கிவிடலாம். ஆஸ்மாண்டிலும் தவிர்க்க வேண்டிய சாலையைக் குறிக்கலாம்.

ஊர்ப் பெயரைத் தட்டித் தேடுவதில் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டும்போது கடலூருக்கு நீலகிரிக் கூடலூரும் தேனிக் கூடலூரும் போட்டிக்கு வரும். கடலூருக்குள்ளேயே முதுநகர் ஒரு மூலை, மஞ்சக்குப்பம் ஒரு மூலை, திருப்பாதிரிப்புலியூர் தனி. நிறுத்தப் போகும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையே கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

உப்பும் வெயிலும்

இரண்டு மூன்று மாதம் கடற்கரையோரமே நிறுத்தினால் செம்புக் கம்பி பச்சை பிடிக்கும், ஃப்யூஸ் காலில் வெள்ளை மாவு பூக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மூட்டுகளை இன்சுலேஷன் டேப்பால் சுற்றாமல், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். டேப் வெயிலில் இளகி வழிந்துவிடும். ஃப்யூஸ் கால்களுக்கு டையெலக்ட்ரிக் கிரீஸ் லேசாக. யூஎஸ்பி முனைக்கு மாதம் ஒரு தடவை கான்டாக்ட் கிளீனர். ரிசீவரின் காந்தத்துக்கு அடியில் உப்பும் மணலும் சேர்ந்து பெயிண்டை அரிக்கும். கழுவும்போது எடுத்துத் துடைத்துவிட்டு வையுங்கள், அதே இடத்தில் வைக்க மார்க்கரால் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி-யாக மாற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும், குழிச் சாலை அதிர்ச்சிக்கு அது தாங்காது. சித்திரை வைகாசி வெயிலில் மூடிய வேனுக்குள் 50 டிகிரியைத் தாண்டும். நிறுத்திவிட்டு இறங்கும்போது லேப்டாப்பையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் கூரையிலேயே இருக்கட்டும், அதற்கு 85 டிகிரி வரை கவலையில்லை.